சொந்த வலைப்பதிவுக்குச் சொந்த நிரல்

இன்டெல் 1972இல் பாயான் லெப்பாஸில் ஆலை திறந்த காலத்திலிருந்து பினாங்கில் கணினித் தொழிலுக்குப் பஞ்சமில்லை. அங்கே நிரல் எழுதிப் பிழைக்கும் ஜார்ஜ் டவுன்காரர் ஒருவர், மாலையில் தமிழிலும் நாலு வரி எழுத நினைத்தால், வேர்ட்பிரஸ் பக்கம் போகுமுன் இதைப் படிக்கலாம்.

வேர்ட்பிரஸ், பொதுவாக வாசகர் வந்து கேட்கும்போது தரவுத்தளத்தைத் துழாவிப் பக்கத்தை உருவாக்கித் தருகிறது. நிலைத்தளத்தில் எல்லாப் பக்கங்களும் முன்கூட்டியே எச்டிஎம்எல் கோப்புகளாகத் தயாராகிவிடும்; சர்வர் எடுத்துக் கொடுப்பதோடு சரி. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் பழந்தமிழ் நூல்கள் இன்றும் எச்டிஎம்எல், பிடிஎஃப் கோப்புகளாகத்தான் கிடைக்கின்றன. வெறும் கோப்புக்கு ஆயுள் கெட்டி.

நிலைத்தளக் கோப்புகளை உருவாக்க ஜெக்கில் (2008), ஹியூகோ (2013) என ஆயத்தக் கருவிகள் உண்டு. ஆனாலும் சொந்தமாக எழுதுவது பெரிய காரியமல்ல. ஒரு கோப்புறையில், மார்க்டவுன் என்னும் எளிய குறியீட்டு நடையில் எழுதிய பதிவுகள். ஒவ்வொன்றின் தலையிலும் தலைப்பு, தேதி, குறிச்சொற்கள். நிரல் அவற்றைப் படித்து, மார்க்டவுனை எச்டிஎம்எல் ஆக்கி, வார்ப்புருவில் இட்டு, தேதிவாரியாக முகப்பையும் ஆர்எஸ்எஸ் ஓடையையும் எழுத வேண்டும். பைத்தானில் இருநூறு வரிக்குள் முடியும். மார்க்டவுனை மாற்றும் பகுதியை மட்டும் நீங்களே எழுதாதீர்கள், அது புதைகுழி. நல்ல நூலகங்கள் இருக்கின்றன.

தமிழ் வந்ததும்தான் வேலை சுவாரசியமாகிறது. தலைப்பிலிருந்து பக்கத்தின் முகவரியை உண்டாக்க, எழுத்தும் எண்ணும் அல்லாதவற்றை நீக்குவது வழக்கம். பைத்தானின் வழக்கமான தேடல்கோவை (ரெஜெக்ஸ்), உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகவே கணக்கில் எடுப்பதில்லை. ‘தண்ணீர்மலை’ என்று தலைப்பிட்டால் முகவரி ‘தணணரமல’ ஆகிவிடும். ‘மலை’, ‘மாலை’ இரண்டும் ‘மல’ என்றே முடிவதால், பின்னால் எழுதியது முன்னதை ஓசையில்லாமல் அழித்துவிடும்.

குறிகளைக் காப்பாற்றினாலும் நீளம் உதைக்கும். ஆறெழுத்துத் ‘தண்ணீர்மலை’ யூனிகோடில் 10 குறியீடு, யூடிஎஃப்-8இல் 30 பைட். முகவரியை வாட்ஸ்அப்பில் ஒட்டினால் பல நேரம் சதவீதக் குறிகளோடு 90 எழுத்தாக நீண்டு நிற்கும். லினக்ஸில் ஒரு கோப்புப் பெயருக்கு வழக்கமான உச்சவரம்பு 255 பைட். நீட்டி முழக்கும் தலைப்பு அதைத் தாண்டிவிடும். ஒவ்வொரு பதிவின் தலையிலும் ரோமன் எழுத்தில் சின்ன முகவரி ஒன்றைக் கையால் எழுதிவிடுவதே என் கட்சி. தமிழ் முகவரி பார்க்க அழகுதான், பகிரும்போது அந்த அழகு மிஞ்சுவதில்லை.

குறிச்சொற்களிலும் ஒரு கண்ணி உண்டு. ஜார்ஜ் டவுனின் கோபுரக் கட்டடமான ‘கொம்தார்’ என்பதன் ‘கொ’வில் வரும் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாகப் பிரித்தும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு; கொம்தாருக்கு இரண்டு பட்டியல்கள் வந்து நிற்கும். படிக்கும்போதே எல்லாவற்றையும் யூனிகோடின் என்எஃப்சி என்னும் சேர்த்தெழுதும் வடிவத்துக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது.

குறிச்சொற்களை அடுக்கும் அகரவரிசைக்கும் யூனிகோட் எண்களை நம்ப முடியாது. அதில் ‘ன’ பகரத்துக்கு முன்பும், ‘ழ’ வகரத்துக்கு முன்பும் வந்துவிடுகின்றன. ‘க்’ என்பது ‘கௌ’வுக்கும் பின்னால் போகிறது. நம் வரிசையை ஒரு சிறு அட்டவணையாக எழுதி, அதைக் கொண்டு அடுக்க வேண்டும்.

தேதியில் கவனம். தளத்தை கிட்ஹப் போன்ற இடத்துச் சர்வரில் உருவாக்கினால் அது உலகப் பொது நேரத்தில் ஓடும். மலேசியா அதற்கு 8 மணி நேரம் முன்னால். தைப்பூசத்தன்று காலை ஏழு மணிக்கு வெளியிட்ட பதிவில் முந்தைய நாள் தேதி விழும். நேர வலயத்தைக் கோலாலம்பூர் என்று நிரலிலேயே எழுதிவிடுங்கள்.

தேடல் வசதியை முதல் பதிப்பில் சேர்க்க வேண்டாம். ‘பினாங்கு’ என்று தேடுகிறவருக்குப் ‘பினாங்கில்’, ‘பினாங்கை’ எல்லாம் அகப்பட வேண்டுமானால் வேற்றுமை உருபுகளைப் பிரிக்கத் தெரிந்த நிரல் வேண்டும். அது இருநூறு வரியில் அடங்காது.