வாகனத்திலிருந்து விழுவது விதியல்ல

காணியை விட்டு இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்கள் பலவற்றுக்கு இன்று கல்லுடைக்கும் இடங்களும் மணல் அகழும் ஆற்றங்கரைகளுமே கஞ்சி வார்க்கின்றன. மண்வெட்டி பிடித்த கைக்குச் சவள் பிடிப்பது புதிதல்ல. ஆனால் ரிப்பரும் பெக்கோவும் ஓயாமல் ஓடும் இடத்தில் நின்று வேலை செய்வது எமக்குப் புதிது. அங்கே பாறை சரிவதற்கும் வெடிக்கும் பயப்படுகிறோம். வாகனத்தில் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் யாரும் பயப்படுவதில்லை. உயிர்கள் அங்கேயும் போகின்றன.

நாம் அறிந்த ஒரு குடும்பத்தின் தலைவர் மணல் ஏற்றிய உழவு இயந்திரப் பெட்டியில் சுமையின் மேல் இருந்து சென்றார். சில்லு ஒரு பள்ளத்தில் இறங்கியது. பெட்டி ஒருமுறை குலுங்கியது. அவர் முன்பக்கமாக விழுந்தார். பின்சில்லு அவர் மேல் ஏறியது. செத்தவீட்டில் எல்லோரும் “அவருடைய காலம் முடிந்தது” என்றார்கள். நாமும் ஆறுதலுக்காகத் தலையசைத்தோம். அது தவறு என்று பின்னரே உணர்ந்தோம். அவரைக் கொன்றது விதியல்ல. அவர் இருக்கக்கூடாத இடத்தில் இருந்தார்; வேண்டாம் என்று சொல்ல அங்கே எவரும் இருக்கவில்லை.

ஏன் விழுகிறோம்?

ஓடும் வாகனத்தோடு எமது உடலும் அதே வேகத்தில் ஓடுகிறது. சாரதி பிறேக் பிடித்தால் வாகனம் நிற்கும், உடல் நிற்காது. கையால் பிடிக்க ஒன்றும் இல்லாத மணற்குவியலின் மேல் இருப்பவர் எறியப்பட்டே தீருவார். ரிப்பரின் சுமை உச்சி ஏறக்குறைய 10 அடி உயரம். அங்கிருந்து நிலத்தை அடைய ஒரு விநாடிகூட ஆகாது; உடல் நிலத்தில் மோதும் வேகமோ மணிக்கு 25 கிலோமீற்றருக்கு மேல். கீழே கிடப்பது வயல் மண் அல்ல, கருங்கல்.

இன்னொரு காரணமும் உண்டு. பல இடங்களில் கூலி நாளுக்கு அல்ல, லோட்டுக்குக் கொடுக்கப்படுகிறது. எத்தனை லோட்டோ அத்தனை காசு. ஆகவே ஏணி தேடாமல் ரயரில் கால் வைத்து ஏறுகிறோம், வாகனம் நிற்கமுன் குதிக்கிறோம். அனுமதியின்றி இரவில் மணல் ஏற்றும் இடங்களில் நிலைமை இன்னும் மோசம். சாரதி பொலிசுக்குப் பயந்து விரைகிறார். மேலே இருப்பவர்களை அவர் நினைப்பதில்லை.

நாம் செய்ய வேண்டியவை

1. சுமையின் மேலோ, பெட்டியின் விளிம்பிலோ, பின்பலகையிலோ, உழவு இயந்திரத்தின் மட்காட்டிலோ இருந்து பயணிக்கக்கூடாது. ஆசனம் இல்லையென்றால் நடந்து போவோம்.

2. ஏறும்போதும் இறங்கும்போதும் வாகனத்தைப் பார்த்தபடியே இருக்க வேண்டும். இரண்டு கை ஒரு கால், அல்லது இரண்டு கால் ஒரு கை என எப்போதும் மூன்று இடத்தில் பிடிப்பு வேண்டும். சவளையும் தண்ணீர்ப் போத்தலையும் கையில் வைத்துக்கொண்டு ஏறாமல், கீழே நிற்பவரிடம் வாங்க வேண்டும்.

3. குதிக்கக்கூடாது. வாகனம் முற்றாக நின்று, சாரதி கைப்பிறேக்கைப் போட்ட பின்னரே இறங்க வேண்டும்.

4. சேறு படிந்த செருப்போடு ஏறக்கூடாது. குதிகாலை மூடிய சப்பாத்து நல்லது. தலைக்கவசம் அணிந்தால் அதன் நாடியை இறுக்கிக் கட்ட வேண்டும். கட்டாத கவசம் எமக்கு முன்பே விழுந்துவிடும்.

5. சுமைக்குப் படங்கு போடும்போது மேலே நின்று பின்னோக்கி நடக்கக்கூடாது. இழுக்கும் படங்கு கிழிந்தால் ஆள் பின்பக்கமாகவே விழுவார். இரு பக்கமும் நிலத்தில் நின்று கயிற்றால் இழுப்பதே வழி.

6. ரிப்பர் பெட்டியை உயர்த்தும்போது உள்ளே எவரும் நிற்கக்கூடாது. ஒட்டிய மண்ணைப் பெட்டி கீழே இறங்கிய பின் நீண்ட பிடியுள்ள கருவியால் தள்ளலாம்.

பனை ஏறும் சீவல் தொழிலாளி தளைநாரைப் பாராமல் மரத்தில் கால் வைப்பதில்லை. அவரைக் கோழை என்று எவரும் சொல்வதில்லை. ரிப்பரில் ஏறுபவருக்கும் அந்தக் கவனம் வேண்டும்.

முதலாளியின் கடமை

கவனம் தொழிலாளிக்கு மட்டும் உரியதல்ல. உறுதியான ஏறுபடி, கைபிடி, ஏணி, வேலையாட்களை ஏற்றிச்செல்ல ஆசனமுள்ள வாகனம் ஆகியவற்றைக் கொடுப்பது முதலாளியின் பொறுப்பு. புதுவீடு கட்டுபவர் மேல்தளத்தைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும், இல்லையேல் அங்கிருந்து விழுபவரின் இரத்தப்பழி அவ்வீட்டின்மேல் வரும் என்ற கருத்தை இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். விழுந்தவரின் கவனக்குறைவைப் பற்றி அங்கே பேச்சில்லை. சுவர் கட்டாதவரிடமே கணக்குக் கேட்கப்படுகிறது.

இவற்றைத் தனியொருவர் கேட்டால் மறுநாள் வேலை இல்லாமற் போகலாம். ஆகவே வேலைக்குச் செல்லும் பத்துப் பேரும் ஒன்றாகக் கேட்க வேண்டும்.

ஒருவர் விழுந்துவிட்டால்

கையையும் காலையும் பிடித்துத் தூக்கி உழவு இயந்திரத்தில் போடாதீர்கள். முள்ளந்தண்டு முறிந்திருந்தால் அந்தத் தூக்கலே அவரை முடமாக்கும். வாகனங்களை நிறுத்தி, தலையும் கழுத்தும் அசையாமல் பிடித்துக்கொண்டு, 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். இலவச அம்புலன்ஸ் வரும். இரத்தம் ஓடும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்துங்கள். தண்ணீரோ சோடாவோ பருக்க வேண்டாம். தலை அடிபட்டவர் எழுந்து நடந்தாலும் வைத்தியசாலைக்குப் போகவே வேண்டும். சத்தியும் மயக்கமும் சில மணித்தியாலங்களின் பின்னரும் வரலாம்.

நட்டஈடு பிச்சையல்ல

நாம் சொன்ன அந்தக் குடும்பத்துக்கு முதலாளி செத்தவீட்டுச் செலவைக் கொடுத்தார். நாட்கூலிக்கு அதற்குமேல் உரிமை இல்லை என்று மனைவி நம்பியிருந்தார். அது உண்மையல்ல. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், வேலையின்போது நேரும் காயத்துக்கும் மரணத்துக்கும் முதலாளி நட்டஈடு வழங்க வேண்டும் என்கிறது. முதலாளியின் தொழிலுக்காக வேலை செய்தவர் நாட்கூலியாக இருந்தாலும் கோரலாம். விபத்து நடந்தவுடன் பொலிசில் முறைப்பாடு பதியுங்கள். வாகன இலக்கம், கண்டவர்களின் பெயர், வைத்தியசாலைத் துண்டு ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். தாமதிக்காமல் தொழில் திணைக்கள அலுவலகத்துக்குச் செல்லுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பங்கில் உள்ள படித்த பிள்ளைகள் உதவ வேண்டும்.

காணியையும் கிணற்றையும் விட்டு வந்த எமக்கு மிஞ்சியிருப்பது இந்தக் கையும் காலும்தான். நாளை காணி திரும்பக் கிடைக்கும்போது அதைக் கொத்த அவை வேண்டும். ஒரு லோட்டுக் காசுக்காக அவற்றைப் பணயம் வைக்க வேண்டாம். இன்று மாலை வேலையால் வருபவரிடம் வீட்டிலுள்ளவர்கள் ஒரு கேள்வி கேட்கட்டும்: “எதில் இருந்து வந்தாய்?”