"இந்த வயசுல இதெல்லாம் தேவையா?": 100 வயசுக்கு மேல வேகம் கூட்டின ஒரு சைக்கிள்காரர்

ரிட்டயர் ஆன அப்பா மலையேறப் போறேன்னு சொன்னா, "இந்த வயசுல தேவையா?"ன்னு கேப்போம். அம்மா நீச்சல் கத்துக்கணும்னு ஆசைப்பட்டாலும் அதே கேள்விதான். முப்பத்தஞ்சு வயசுல ஃப்ரெண்ட்ஸ் ஃபுட்பால் ஆடக் கூப்பிட்டா, நம்மளையே நாம கேட்டுக்குவோம். இந்தக் கேள்விக்கு நம்ம உடம்பு என்ன பதில் சொல்லுதுன்னு இன்னைக்குப் பார்க்கலாம்.

ரொபேர் மார்ஷான்னு ஒருத்தர். பிரான்ஸ்காரர், 1911ல பிறந்தவர். ரொம்பக் குள்ளம், ரேஸ் சைக்கிளுக்கு நீ சரிப்பட மாட்டேன்னு இளவயசுலயே சொல்லிட்டாங்க. வாழ்க்கை எங்கெங்கயோ கொண்டு போச்சு. அறுபதைத் தாண்டின பிறகுதான் திரும்பவும் சீரியஸா சைக்கிளை எடுத்தார். 2012ல, அவருக்கு 100 வயசு. ஓவல் வடிவ டிராக்ல ஒரு மணி நேரம் ஓட்டி 24.25 கிலோமீட்டர் போனார். 2014ல, 102 வயசுல, அதே ஒரு மணி நேரத்துல 26.927 கிலோமீட்டர். வயசு ரெண்டு கூடிச்சு, தூரமும் ரெண்டரை கிலோமீட்டருக்கு மேல கூடிச்சு.

இது எப்படி? இங்கதான் ஒரு அளவைப் பத்தித் தெரிஞ்சுக்கணும். முழு மூச்சா உழைக்கும்போது, உடம்பு ஒரு நிமிஷத்துல அதிகபட்சம் எவ்வளவு ஆக்ஸிஜனைப் பயன்படுத்த முடியும்? அதுக்குப் பேர் 'விஓ2 மேக்ஸ்'. முப்பது வயசுக்கு மேல, பத்து வருஷத்துக்கு சுமார் 10 சதவீதம் இது குறையும்னு பொதுவா சொல்லுவாங்க. தொடர்ந்து உடம்பை அசைக்கிறவங்களுக்கு அந்த இறக்கம் மெதுவா இருக்கும்.

மார்ஷானை 101 வயசுலயும் 103 வயசுலயும் விஞ்ஞானிகள் லேப்ல வச்சு அளந்தாங்க. அவரோட விஓ2 மேக்ஸ் ஒரு கிலோ எடைக்கு 31 மில்லிலிட்டர்ல இருந்து 35 ஆகியிருந்தது. எடையும், இதயத்தோட அதிகபட்சத் துடிப்பும் கிட்டத்தட்ட அப்படியேதான் இருந்தது. பெடலை முன்னைவிட வேகமா சுத்த முடிஞ்சது, மூச்சையும் முன்னைவிட அதிகமா இழுத்து விட முடிஞ்சது. ஒரே ஒரு மனுஷனை வச்சு எல்லாருக்கும் இப்படித்தான்னு சொல்லிட முடியாது. ஆனா நூறு வயசுக்கு மேலயும் ஒரு உடம்பு பயிற்சிக்குப் பதில் சொல்லும்ங்கிறது அதுல நிரூபணம் ஆச்சு.

சரி, அவர் விளையாட்டுக்காரர்னு சொல்லுவீங்க. 1990ல வெளியான ஒரு அமெரிக்க ஆய்வுல கலந்துக்கிட்டது, முதியோர் இல்லத்துல இருந்த, உடம்பு தளர்ந்துபோன பத்துப் பேர். சராசரி வயசு 90. எட்டு வாரம் காலுக்கு எடைப் பயிற்சி கொடுத்தாங்க. முடிச்சவங்களுக்குக் கால் பலம் சராசரியா 174 சதவீதம் கூடியிருந்தது. ஏற்கெனவே ரொம்பக் குறைவா இருந்ததால சதவீதம் பெருசாத் தெரியும், அதை மறந்துடக் கூடாது. ஆனா நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவும், பாத்ரூமுக்குத் தனியா நடந்து போகவும் அந்தக் கால் பலம்தான் வேணும்.

நான் சொல்ல வர்றது இதுதான். "விழுந்துடப் போறீங்க, உக்காருங்க"ன்னு நாம பாசத்துலதான் சொல்றோம். ஆனா உக்காந்தே இருந்தா தசை கரையும், பேலன்ஸ் போகும், கடைசியில விழுற வாய்ப்புதான் கூடும். வேடிக்கை என்னன்னா, திருவண்ணாமலையில 14 கிலோமீட்டர் கிரிவலம் வெறுங்காலோட நடக்குற பாட்டியை யாரும் "இந்த வயசுலயா?"ன்னு கேக்குறது இல்ல. அதே பாட்டி ஷட்டில் பேட்டைத் தூக்கினாதான் கேக்குறோம்.

அப்போ எப்படி ஆரம்பிக்கிறது? மார்ஷானோட பயிற்சியிலயே ஒரு பாடம் இருக்கு. வருஷத்துக்கு சுமார் 5,000 கிலோமீட்டர் ஓட்டுவார், அதுல 80 சதவீதம் லேசான வேகத்துல. 20 சதவீதம்தான் கஷ்டமா இருக்கும். லேசான வேகம்னா என்னன்னு கண்டுபிடிக்க வாட்ச் தேவையில்ல. நடக்கும்போது பக்கத்துல இருக்கறவர்கிட்ட முழு வாக்கியமாப் பேச முடியுதா? அதுதான் லேசு. நாலு வார்த்தைக்கு மேல மூச்சு வாங்குதா? அது கஷ்டம். பிரஷருக்கு சில மாத்திரைகள் இதயத் துடிப்பையே குறைச்சுக் காட்டும். அதனால அந்த மாத்திரை சாப்பிடறவங்களுக்கு வாட்ச் எண்ணைவிட இந்தப் பேச்சு டெஸ்ட்தான் நம்பகமானது.

அடுத்தது பொறுமை. தசை சீக்கிரம் பலமாகும், ஆனா அதை எலும்போட இணைக்கிற தசைநாண் மெதுவாத்தான் பழகும். ஒரு மாசத்துல "நல்லா ஃபிட் ஆயிட்டேன்"னு தோணும்போது, குதிகாலும் முட்டியும் இன்னும் தயாரா இருக்காது. அவசரப்பட்டு தூரத்தைக் கூட்டுறவங்களுக்கு அங்கதான் வலி ஆரம்பிக்கும். இது இருபத்தஞ்சு வயசுக்காரங்களுக்கும் பொருந்தும். வயசு கூடக் கூட, ஓய்வு நாளையும் கொஞ்சம் கூட்டிக்கணும்.

வீட்ல பெரியவங்களுக்கு நெஞ்சு வலி, மயக்கம், படியேறினா வழக்கத்துக்கு மீறின மூச்சுத்திணறல் இருந்தா, முதல்ல டாக்டர், அப்புறம்தான் ஷூ. சுகருக்கு இன்சுலினோ, சுகரை இறக்குற மாத்திரையோ எடுக்கறவங்க மலைக்குப் போனா சர்க்கரை திடீர்னு இறங்கலாம். பையில குளுக்கோஸோ மிட்டாயோ இருக்கட்டும்.

மார்ஷான் 2017ல, 105 வயசுல, திரும்பவும் அதே ஒரு மணி நேரம் ஓட்டினார். இந்தத் தடவை 22.547 கிலோமீட்டர். தூரம் குறைஞ்சிருந்தது. வயசு தன் வேலையைச் செஞ்சுகிட்டேதான் இருக்கும், அதை யாரும் நிறுத்த முடியாது. ஆனா 105 வயசுல அந்த டிராக்குக்கு வர்ற அளவுக்கு அவருக்கு உடம்பு இருந்தது. 2021ல, 109 வயசுல காலமானார்.

அடுத்த தடவை அம்மாவோ அப்பாவோ எதையாவது ஆரம்பிக்கணும்னு சொன்னா, "தேவையா?"ன்னு கேக்காதீங்க. "எந்த நாள், எத்தனை மணிக்கு?"ன்னு கேளுங்க. முடிஞ்சா நீங்களும் கூடப் போங்க, அவங்க வேகத்துல. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.