அம்மாவின் உயரம் குறையுதா? பஞ்சு எலும்பைக் கவனிங்க!

நல்லி எலும்பைக் கடிச்சிருக்கீங்களா? நடுத்தண்டு பல்லுக்கு அசையாது. மூட்டுப் பக்கம் நொறுங்கும். நமக்கும் இதே இரண்டு வகைதான். வெளியே கெட்டியான கார்டிகல் எலும்பு, எலும்புக்கூட்டின் எடையில் சுமார் 80%. உள்ளே பஞ்சு போன்ற டிராபெகுலர் எலும்பு, மீதி 20%.

எடை கம்மி, ஆனால் பரப்பு மிக அதிகம். பழைய எலும்பைக் கரைக்கும் செல்கள் பரப்பில்தான் வேலை பார்க்கும். அதனால் தேய்மானமும் இங்கேதான் வேகம். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறையும்போது முதல் அடி இதற்குத்தான். பஞ்சு எலும்பு நிறைந்த முதுகெலும்பும் மணிக்கட்டும் சீக்கிரம் முறிவது அதனால்தான்.

முதுகெலும்பு அமுங்கினால் சிலருக்கு வலியே தெரியாது. உயரம் மட்டும் குறையும். ‘வயசாயிடுச்சு’ன்னு விட்டுடாதீங்க, டாக்டரிடம் கேளுங்க. எலும்பு அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேனை வழக்கமாக எடுப்பதே கீழ்முதுகிலும் இடுப்பிலும்தான்.