1980-க்குத் திரும்பிய கணினி

386, 486 காலத்துக் கணினி ஏதும் பரணில் கிடக்கிறதா? இறக்கி ஆன் செய்து பாருங்கள். தேதி 1980 ஜனவரி 1 என்று காட்டலாம்; ஹார்டு டிஸ்க் இருப்பதையே அது மறந்திருக்கும். கரண்ட் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டி, அமைப்புகளை நினைவில் வைத்திருந்த குட்டி பேட்டரி செத்துவிட்டது, அவ்வளவுதான்.

அந்நாளைய மதர்போர்டுகள் பலவற்றில் பீப்பாய் வடிவ 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரியைப் பற்றவைத்தே விட்டிருந்தார்கள். தொலைநோக்கு என்று சொல்ல முடியாது! வயதானால் அது கசியும். கசிவது காரம், செம்புத் தடங்களை அரித்து, பாசி பிடித்ததுபோல் பச்சையாகப் படியும். பேட்டரியை வெட்டி எடுத்துவிட்டு, பஞ்சில் வினிகர் தொட்டுத் துடைக்க வேண்டும். சமையலறை வினிகரே போதும்.

மாற்று பேட்டரி? சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் டபுள் ஏ செல் 3, அவற்றுக்கு ஒரு ஹோல்டர், கூடவே ஒரு டயோடு. டயோடை மட்டும் விட்டுவிடாதீர்கள். பழைய பேட்டரி என்று நினைத்து போர்டு இந்த செல்களையும் சார்ஜ் செய்யப் பார்க்கும். சாதாரண செல் அதைத் தாங்காது. டயோடு அந்த வழியை அடைத்துவிடும். 4.5 வோல்ட்டிலும் அரை வோல்ட்டுக்குச் சற்று மேல் குறையும், அது நல்லதே. ஒயரை நீளமாக விட்டு, ஹோல்டரை போர்டிலிருந்து தள்ளி, கேபினட் ஓரமாக ஒட்டுங்கள். நாளைக்கு இதுவும் கசிந்தால் போர்டு தப்பிக்கும்.

சில போர்டுகளில் வெளி பேட்டரிக்கென்றே 4 பின் இணைப்பு உண்டு. பிளஸ், மைனஸ் பார்த்து மாட்டினால், பற்றவைக்கும் வேலையும் மிச்சம்.