கல்விக்கூடங்களில் நெருக்கடிகால ஆயத்தம்: கருவியும் பயிற்சியும்

2017ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள் விடியற்காலையில் கோலாலம்பூர் டத்தோ கெராமாட் பகுதியிலுள்ள சமயப்பள்ளி ஒன்றின் மாணவர் விடுதியில் தீப்பற்றியது. 21 மாணவர்களும் 2 பொறுப்பாசிரியர்களும் உயிரிழந்தனர். சன்னல்களில் இரும்புக் கம்பிகள் பொருத்தப்பட்டிருந்தன. வெளியேறும் வாயிலருகே தீ மூண்டிருந்தது. இதற்கு 28 ஆண்டுகள் முன்பு, 1989 செப்டம்பர் 22ஆம் நாள், கெடா மாநிலத்தின் பாடாங் லுமாட்டில் சமயப்பள்ளி விடுதி ஒன்று எரிந்து 27 மாணவியர் மாண்டனர். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காலத்தில், 2004 ஜூலை 16ஆம் நாள், கும்பகோணத்தில் கூரை வேய்ந்த வகுப்பறைகளில் 94 குழந்தைகள் கருகினர். நாடும் சமயமும் மொழியும் வேறுபட்டபோதிலும், பிள்ளைகள் தாங்களே திறக்கவியலாத ஒரு கட்டடத்தினுள் இருந்தனர் என்பது மூன்றிற்கும் பொதுவாகும்.

கல்விக்கூடங்களின் நெருக்கடிகால ஆயத்தத்தில் தொழில்நுட்பம் எதைச் செய்யும், பயிற்சி எதைச் செய்யும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நாம் பொறியியல் துறையினர் அல்லர். எனினும் தமிழ்ப்பள்ளிகளுக்கு ஆசிரியர்களாகச் செல்லும் மாணவர்களை உருவாக்கும் துறையினர் என்ற முறையில், இப்பொருளை முற்றிலும் பொறியியலாளர்களிடம் விட்டுவிட இயலாது என்றே கருதுகிறோம்.

இரண்டு கால அளவுகள்

தீப்பாதுகாப்பு அறிஞர்கள் எந்தக் கட்டடத்தையும் இரண்டு கால அளவுகளைக் கொண்டு மதிப்பிடுவர். முதலாவது, தீ தோன்றியதிலிருந்து புகையும் வெப்பமும் மனிதர் தாங்கவியலாத நிலையை அடையும் வரையுள்ள காலம். இரண்டாவது, உள்ளிருப்போர் அனைவரும் வெளியேறத் தேவைப்படும் காலம். முதலாவது இரண்டாவதைவிடப் போதிய அளவு நீண்டிருந்தால் உயிர்கள் பிழைக்கும், இன்றேல் பிழைக்கா. இரண்டாவதை மேலும் நான்காகப் பகுப்பர்: தீயைக் கண்டறியும் நேரம், அதனை அறிவிக்கும் நேரம், அறிவிப்பைக் கேட்டவர் எழுந்து நகரத் தொடங்கும் வரை தயங்கும் நேரம், நடந்து வெளியேறும் நேரம்.

இந்த நான்கில் முதல் இரண்டைக் கருவிகள் குறைக்கும். நான்காவதைக் கட்டட அமைப்பு தீர்மானிக்கும். மூன்றாவதைப் பயிற்சியன்றி வேறெதுவும் எளிதில் குறைப்பதில்லை. கும்பகோணத்தில் சமையற்கூடத்தின் கூரையில் பற்றிய தீ ஓலைக்கூரை வழியே பரவியதால் முதற்கால அளவே மிகச் சுருங்கிவிட்டது. குறுகலான ஒரே படிக்கட்டு நான்காவதை நீட்டிவிட்டது. அவ்விடத்தில் எத்தகைய மணியை ஒலித்திருந்தாலும் கணக்கு நேராகியிருக்காது. எனவேதான் கருவி வாங்குமுன் கதவையும் படிக்கட்டையும் பார்க்க வேண்டும் என்கிறோம். அவ்விபத்தைத் தொடர்ந்து தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 2009 ஏப்ரலில் தீர்ப்பளித்தபோது, பாதுகாப்பான பள்ளியும் கல்வியுரிமையின் பகுதியே என்று கூறியது. தீயணைப்புக் கருவிகளோடு ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் வேண்டுமெனப் பணித்தது.

மலேசியாவில் 1988ஆம் ஆண்டுத் தீயணைப்புச் சேவைச் சட்டம், வரையறுக்கப்பட்ட கட்டடங்கள் தீச்சான்றிதழ் பெற வேண்டுமென்கிறது. சட்டம் இருந்தும் கம்பிகள் ஏன் இருக்கின்றன? திருடருக்கு அஞ்சியும், பிள்ளைகள் இரவில் வெளியேறுவதற்கு அஞ்சியும் விடுதிகள் அவற்றைப் பொருத்துகின்றன. அவ்வச்சம் பொய்யன்று. ஆயினும் உள்ளிருந்து திறக்கக்கூடிய கீல் வைத்த கம்பிச் சன்னலும் கடைகளில் கிடைக்கிறது. அதன் கொண்டி எங்குள்ளது என்பதை விளக்கணைத்த பின்னும் கைதடவிக் கண்டறிய, அங்குத் தூங்கும் ஒவ்வொரு மாணவனும் பழகியிருக்க வேண்டும்.

கருவிகள்

புகையுணர் கருவிகள் பெரும்பாலும் இரு வகைப்படும். ஒன்று ஒளிச்சிதறலால் இயங்குவது: அறையினுள் புகை நுழைந்ததும் ஒளிக்கற்றை சிதறி உணரியில் படும். புகைந்து புகைந்து எரியும் மெத்தை, துணி போன்றவற்றின் தீயை இது விரைந்து கண்டறியும். ஆகவே விடுதிகளுக்கு ஏற்றது. மற்றொன்று அமெரிசியம் என்னும் கதிரியக்கத் தனிமத்தின் மிகச் சிறு துணுக்கால் காற்றை மின்னூட்டி இயங்குவது. சுடர்விட்டெரியும் தீயை முந்தி உணரும். சிற்றுண்டிச்சாலையின் சமையலறையில் இவ்விரண்டையும் பொருத்தினால் மீன் பொரிக்கும்போதெல்லாம் மணி ஒலிக்கும். அங்கே வெப்பவுணர் கருவியே பொருந்தும்.

பொய்மணி சிறு குறைபாடன்று. நமது துறைக் கட்டடத்தில் ஒருமுறை மணி ஒலித்தபோது நாம் திருத்திக் கொண்டிருந்த விடைத்தாளை முடித்துவிட்டே எழுந்தோம். அடுத்த அறையிலிருந்தவர் எழவேயில்லை. மணி பழுதாகியிருக்கும் என்று இருவருமே எண்ணினோம். பயிற்சியைப் பற்றி எழுதுவோரின் நிலையே இதுவென்றால் மாணவரைக் குறைகூறுவதற்கில்லை. பழகிய பொய்மணி, நான்கு கால அளவுகளில் மூன்றாவதான தயக்கத்தையே நீட்டுகிறது.

இத்தயக்கத்தைக் குறித்து இங்கிலாந்தின் நியூகாசல் நகரச் சுரங்க இரயில் நிலையம் ஒன்றில் நடத்தப்பட்ட ஆய்வு 1991இல் வெளிவந்தது. வெறும் மணி ஒலித்தபோது பயணிகள் இரயிலுக்காகக் காத்துக்கொண்டே இருந்தனர். என்ன நேர்ந்தது, எவ்வழியே செல்ல வேண்டும் என்பதை ஒலிபெருக்கியில் ஒருவர் தெளிவாகக் கூறியபோது விரைந்து நகர்ந்தனர். மக்கள் பதறிவிடுவர் என்று அஞ்சி உண்மையை மறைப்பதே பெருந்தீங்கு என்பது அவ்வாய்வின் சாரம். பள்ளிகளில் காலைக்கூடலுக்குப் பயன்படும் ஒலிபெருக்கி, விலையுயர்ந்த பல கருவிகளைவிட இவ்வகையில் மேலானது.

தீயணைப்பான் பற்றி ஒன்று மட்டும் கூறலாம். பள்ளிகளில் மாட்டப்பட்டிருக்கும் உலர்தூள் கலன் ஏறக்குறைய அரை நிமிடத்திற்குள் தீர்ந்துவிடும். அதனை முதன்முறை கையிலெடுப்பவர், ஊசியைக் கழற்றத் தடுமாறுவதிலேயே பல நொடிகளை இழந்துவிடுவார்.

வளாகத்தில் செய்தி பரப்புதல்

பள்ளி ஒரு கூரையின் கீழ் அடங்குவது; பல்கலைக்கழக வளாகமோ ஒரு சிற்றூரைப் போன்றது. இவ்வேறுபாட்டை 2007 ஏப்ரல் 16ஆம் நாள் அமெரிக்காவின் வர்ஜீனியா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்த துப்பாக்கிச் சூடு உணர்த்திற்று. காலை சுமார் 7.15 மணிக்கு விடுதியொன்றில் இருவர் சுடப்பட்டனர். வளாகத்தினருக்கு மின்னஞ்சல் 9.26 மணிக்கே அனுப்பப்பட்டது. 9.40 மணியளவில் வகுப்பறைக் கட்டடத்தில் மீண்டும் சூடு தொடங்கி மேலும் 30 பேர் மாண்டனர். வகுப்பில் அமர்ந்திருப்பவர் மின்னஞ்சலைப் பார்ப்பாரா என்பது ஒருபுறமிருக்க, அனுப்பலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பதிலேயே காலம் கழிந்தது. 2008இல் அந்நாட்டின் சட்டம் திருத்தப்பட்டு, ஆபத்து உறுதியானவுடன் வளாகத்தினருக்கு அறிவிப்பது உயர்கல்விக்கூடங்களின் கடமையாக்கப்பட்டது.

அதன்பின் குறுஞ்செய்தி, கைப்பேசிச் செயலி, ஒலிபெருக்கிக் கோபுரம், கணினித் திரை ஆகியவற்றில் ஒரே செய்தியை ஒருசேர வெளியிடும் முறை பரவிற்று. இவற்றுள் குறுஞ்செய்திக்கு ஒரு வரம்பு உண்டு. அது ஒவ்வோர் எண்ணுக்கும் தனித்தனியே செல்வதால், அனைவரும் ஒரே நேரத்தில் வீட்டிற்கு அழைக்கும் வேளையில் வரிசையில் தேங்கும். அலைபரப்புக் கோபுரத்தின் எல்லைக்குள்ளிருக்கும் கைப்பேசிகள் அனைத்திற்கும் ஒரே வீச்சில் செய்தியை ஒலிபரப்பும் முறையில் இத்தேக்கம் இல்லை. எண்களின் பட்டியலும் வேண்டியதில்லை. எந்த முறையாயினும், யாருடைய அனுமதியுமின்றிப் பொத்தானை அழுத்தும் அதிகாரம் பணியிலிருக்கும் காவலருக்கோ விடுதிப் பொறுப்பாளருக்கோ முன்கூட்டியே வழங்கப்பட்டிருக்க வேண்டும். நள்ளிரவில் துணைவேந்தரின் தொலைபேசி எண்ணைத் தேடிக்கொண்டிருக்கும் அமைப்பில் எக்கருவியும் பயன்படாது.

கூடுமிடம் என்னும் சிக்கல்

நம் பள்ளிகளில் ஒத்திகை என்றாலே தீ ஒத்திகைதான். மணி ஒலிக்கும், மாணவர் வரிசையாகத் திடலுக்குச் செல்வர், ஆசிரியர் பெயர் அழைப்பார், தலைமையாசிரியர் நேரத்தைக் கூறுவார். இது நல்ல பழக்கமே. ஆயினும் திடலே தீங்காகும் வேளைகள் உண்டு.

2019 மார்ச்சில் ஜொகூர் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவின் நச்சாவியால் மாணவர்களுக்கு மூச்சுத்திணறலும் வாந்தியும் ஏற்பட்டன. மார்ச் 13 முதல் அவ்வட்டாரத்தின் 111 பள்ளிகள் மூடப்பட்டன. நச்சாவி பரவும்போது திறந்த திடலில் நிற்பது தவறு. சன்னல்களை அடைத்து, காற்றாடிகளையும் குளிரூட்டிகளையும் நிறுத்தி உள்ளிருப்பதும், பின்னர்க் காற்றுவீசும் திசைக்குக் குறுக்காக அப்புறப்படுத்துவதுமே முறை. தீ ஒத்திகையை மட்டுமே பழகிய பள்ளி, தான் நன்கு கற்ற பாடத்தாலேயே தவறிழைக்க நேரிடும்.

இதன் மிகத் துயரமான சான்று சப்பானில் உள்ளது. 2011 மார்ச் 11ஆம் நாள் நிலநடுக்கத்திற்குப்பின் இசினோமாக்கி நகரின் ஓக்காவா தொடக்கப்பள்ளி மாணவர்கள் முறைப்படி பள்ளி முற்றத்தில் கூடினர். முற்றத்தை அடுத்துக் குன்று இருந்தது. அடுத்து எங்கே செல்வது என்பது பள்ளியின் கையேட்டில் தெளிவாக இல்லை. ஏறக்குறைய 50 நிமிடங்கள் அங்கேயே கழிந்தன. ஆற்றின் வழியே ஏறி வந்த ஆழிப்பேரலை 74 மாணவர்களையும் 10 ஆசிரியர்களையும் கொண்டு சென்றது. பள்ளியும் நகராட்சியும் கல்வி வாரியமும் கையேட்டைத் திருத்தாமல் விட்டதே தவறு என்று 2018இல் செண்டாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019இல் அத்தீர்ப்பு உறுதியாயிற்று.

அதே நாளில் வடக்கே காமாயிசி நகரில் நிகழ்ந்தது வேறு. பேராசிரியர் கத்தாதா தொசித்தாக்கா அந்நகரப் பள்ளிகளில் சில ஆண்டுகளாகப் பயிற்சியளித்து வந்தார். அபாய வரைபடத்தை நம்பி நின்றுவிடாதே, அவ்வேளையில் இயன்ற உச்ச முயற்சியைச் செய், பிறருக்கு முன்னோடியாக நீயே முதலில் ஓடு என்பன அவர் கற்பித்தவை. உனோசுமாய் பகுதியின் பள்ளிகள் வரைபடத்தின்படி அலை எட்டாத இடத்தில் இருந்தன. இருப்பினும் இடைநிலைப்பள்ளி மாணவர்கள் ஓடினர். மாடியில் ஏறியிருந்த தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் அதனைக் கண்டு இறங்கி உடன் ஓடினர். மூத்தவர் இளையவரின் கையைப் பற்றினர். முதலில் அடைந்த கூடுமிடமும் போதாதெனக் கண்டு மேலும் உயரத்திற்குச் சென்றனர். பள்ளிகள் இரண்டும் நீரில் மூழ்கின. நகரின் ஏறக்குறைய 3,000 தொடக்க, இடைநிலைப்பள்ளி மாணவர்களுள் மிகப் பெரும்பாலோர் பிழைத்தனர். அவர்களிடம் சிறப்பான கருவி ஏதும் இருந்திலது.

இதனைக் கட்டுப்பாடின்மைக்கான சான்றாகக் கொள்ளலாகாது. முறையை நன்கு கற்றவனே அதனை எப்போது விடவேண்டும் என்பதையும் அறிவான். ஒத்திகையின்போது ஒரு படிக்கட்டை முன்னறிவிப்பின்றி அடைத்துவிட்டு, மாணவர் என்ன செய்கின்றனர் என்று பார்ப்பது செலவற்ற நல்ல பயிற்சி. விடுதியில் ஒருமுறையேனும் இரவில் ஒத்திகை நடத்த வேண்டும். டத்தோ கெராமாட்டில் தீ மூண்டது விடியுமுன்னரே.

ஒத்திகையின் மொழி

நம் துறைக்கு நேரடித் தொடர்புடைய ஒன்று எஞ்சியுள்ளது. மலேசியாவில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இயங்குகின்றன. முதலாமாண்டு மாணவனுக்கு நெருக்கடியில் முதலில் எட்டும் மொழி தமிழே. அவனுக்கு நாம் எத்தகைய தமிழில் அறிவிக்கிறோம்? “இக்கட்டடத்தில் தீ விபத்து ஏற்பட்டுள்ளமையால் மாணவர்கள் அனைவரும் உடனடியாகத் திடலுக்கு வெளியேறுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்” என்பது இலக்கணப்படி குற்றமற்ற தொடர். தமிழில் வினைமுற்று இறுதியில் நிற்பது இயல்பு. ஆகவே செய்ய வேண்டியது யாதென்பது தொடரின் கடைசியில்தான் குழந்தையின் காதில் விழுகிறது. அதற்குள் சத்தம் எழுந்துவிடும். “வெளியே வாங்க! தீ! வெளியே வாங்க!” என்று வினையை முன்னிறுத்திப் பேச்சுத்தமிழில் கூறுவதே இங்குத் தக்கது. செந்தமிழில் பற்றுடைய நாமே இதனைப் பரிந்துரைக்கிறோம்.

எதிர்மறை ஏவலில் மேலுமோர் இடர் உண்டு. ‘வெளியேறுங்கள்’, ‘வெளியேறாதீர்கள்’ என்பவற்றுள் எதிர்மறைப் பொருள் சொல்லின் பிற்பகுதியிலேயே வெளிப்படுகிறது. மணியொலிக்கும் அழுகுரலுக்கும் இடையே முற்பகுதி மட்டும் கேட்டால் உள்ளிருக்க வேண்டிய பிள்ளை வெளியே ஓடும். ஆகவே நச்சாவி, புகைமூட்டம், அந்நியர் நுழைவு ஆகியவற்றுக்கான அறிவிப்புகளில் எதிர்மறை வினையை அறவே தவிர்த்து, “உள்ளே இரு, கதவைச் சாத்து” என்று உடன்பாட்டிலேயே அமைக்க வேண்டும். ‘உள்ளே’, ‘வெளியே’ என்னும் இரு சொற்களும் முதல் எழுத்திலேயே வேறுபடுகின்றன.