உங்கள் ரீஃப் டேங்க்கில் பவளத்தைத் தின்பது யார்? விரட்டுவது எப்படி?

அடுகோடியில் உங்கள் ஃபிளாட். ஆபீஸ் முடிந்து வந்து ரீஃப் டேங்க் முன்னால் பத்து நிமிஷம் உட்கார்ந்தால்தான் அந்த நாள் முடியும். ஆனால் மூன்று நாளாக ஒரு சொயாந்திட் கூட்டம் மட்டும் விரியவே இல்லை. தண்ணீரை டெஸ்ட் பண்ணியாச்சு. உப்பு, வெப்பம், நைட்ரேட் எல்லாம் சரி. அப்படியானால் அடுத்து செய்ய வேண்டியது இதுதான்: விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பாருங்கள்.

யார் அந்தத் திருடன்?

வீட்டு டேங்க்கில் அடிக்கடி மாட்டுபவை மூன்று.

ஒன்று, சொயாந்திட் தின்னும் நியூடிபிராங்க். ஓடில்லாத கடல் நத்தை. தின்ற பாலிப்பின் நிறமே இதற்கும் வந்துவிடும். அதனால் பக்கத்திலேயே இருந்தாலும் கண்ணில் படாது.

இரண்டு, மான்டிபோரா பவளத்தைத் தின்னும் நியூடிபிராங்க். வெள்ளையாக, அரிசி மணி அளவுகூட இருக்காது. பவளத்தின் அடிப்பக்கத்தில் ஒளிந்திருக்கும். பல வருஷம் மீன் வளர்ப்பவர்களைப் படுத்திய இதற்கு அறிவியல் பெயர் கிடைத்ததே 2020-ல்தான்: ஃபெஸ்டில்லா சப்ஒடியோசா.

மூன்று, அக்ரோபோரா தின்னும் தட்டைப்புழு. கிட்டத்தட்டக் கண்ணாடி மாதிரி இருக்கும். பவளத்தில் வட்ட வட்டமாக வெளிறிய கடித் தடம் தெரிந்தால் இதைச் சந்தேகப்படுங்கள்.

டிப் பண்ணியும் ஏன் திரும்பி வருது?

பவளத்தை வெளியே எடுத்து, அயோடின் அல்லது கடையில் கிடைக்கும் கோரல் டிப் கலந்த உப்புநீரில் சில நிமிஷம் வைப்பதுதான் வழக்கமான வைத்தியம். புழுக்கள் உதிரும். நமக்கும் நிம்மதி. ஆனால் முட்டைகள் உதிராது. அவற்றின் உறையைத் தாண்டி மருந்து போவதில்லை. பொரிய இரண்டு மூன்று வாரம்கூட ஆகலாம். நீங்கள் மறந்துபோன நேரத்தில் அடுத்த தலைமுறை தயார்.

ஆக, மருந்தின் பிராண்டைவிட முக்கியம் உங்கள் காலண்டர்.

சரி, என்ன செய்யணும்?

• பாதித்த பவளத்தைத் தனி டேங்க்குக்கு மாற்றுங்கள். சின்னத் தொட்டி, ஹீட்டர், தண்ணீரை ஓட்ட ஒரு சின்ன மோட்டார், ஒரு விளக்கு போதும்.

• டிப் அளவும் நேரமும் பாட்டிலில் போட்டிருப்பதுபோல. டிப்பில் இருக்கும்போது பிப்பெட்டால் தண்ணீரைப் பீய்ச்சி எல்லாப் பக்கமும் அலசுங்கள்.

• அடிப்பக்கத்தைப் பாருங்கள். முட்டைக் கொத்து இருந்தால் சுரண்டி எடுங்கள். பவளம் ஒட்டியிருக்கும் பழைய பிளக்கைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதில் ஒட்டுவது இன்னும் நல்லது.

• வாரம் ஒருமுறை திரும்ப டிப் பண்ணுங்கள். பொரித்து வரும் குஞ்சுகள் வளர்ந்து முட்டையிடுவதற்குள் பிடிப்பதுதான் கணக்கு. ஒரு புழுகூடக் கண்ணில் படாவிட்டாலும் ஆறு வாரத்துக்கு முன் நிறுத்தாதீர்கள்.

• அதே ஆறு வாரமும் பெரிய டேங்க்கில் அந்த வகைப் பவளம் ஒன்றுகூட இருக்கக் கூடாது. இவை கண்டதையும் தின்பவை அல்ல. சாப்பாடு இல்லையென்றால் பட்டினியில் சாகும்.

பெரிய டேங்க்கிலேயே மருந்தை ஊற்றிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். இறால், நண்டு, நல்ல புழுக்கள் எல்லாம் சேர்ந்து போகும். ஆறுகோட்டு ராஸ் மீனும் பெப்பர்மின்ட் இறாலும் தட்டைப்புழுவைத் தின்னும் என்பது உண்மைதான். ஆனால் அவை துணைக்கு மட்டும். டிப்புக்கு மாற்று அல்ல.

கடலிலேயே குறுக்குவழி கிடையாது. ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் பவளம் தின்னும் முள்கிரீட நட்சத்திர மீனை ஒழிக்க, டைவர்கள் ஒவ்வொன்றாகத் தேடிப் போய்த்தான் ஊசி போடுகிறார்கள்.

இதில் உங்களுக்கு ஆபத்து உண்டா?

உண்டு. சில சொயாந்திட், பாலிதோவா வகைகளில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. கிளவுஸும் கண்ணாடியும் போடாமல் சுரண்டாதீர்கள். பூச்சி போகட்டும் என்று அந்தக் கல்லை வெந்நீரில் போடவோ கொதிக்க வைக்கவோ கூடாது. நீராவியில் நஞ்சு பரவினால், சின்ன ஃபிளாட்டில் இருக்கும் எல்லோரும் மூச்சுத்திணறலோடு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருக்கும். குறிப்பிட்ட மாற்று மருந்து கிடையாது. சமையலறை சிங்க்கில் இந்த வேலை வேண்டவே வேண்டாம்.

சட்டம் என்ன சொல்லுது?

அக்ரோபோரா, மான்டிபோரா இரண்டும் கடினப் பவளங்கள். இவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் முதல் அட்டவணையில் வருகின்றன. மன்னார் வளைகுடாவில் இருந்தோ அந்தமானில் இருந்தோ எடுத்ததை வாங்குவதும் விற்பதும் குற்றம். 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. 'இது இம்போர்ட் சார்' என்று கடைக்காரர் சொன்னால் அதற்கான ஆவணத்தைக் கேளுங்கள். இல்லையென்றால், எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

அடுத்த முறை எப்படித் தவிர்ப்பது?

இந்தப் பூச்சிகள் தானாக வருவதில்லை. புதிதாக வாங்கும் பவளத்தோடுதான் வீட்டுக்குள் வருகின்றன. வாங்கிய அன்றே டிப், பிறகு தனி டேங்க்கில் ஆறு வாரம். புது பவளத்தை உடனே பெரிய டேங்க்கில் வைத்து ஃபோட்டோ எடுக்கக் கை துறுதுறுக்கும்தான். அந்த ஆறு வாரம் பொறுத்தால், பல வருஷமாக வளர்த்த மற்ற பவளங்கள் தப்பிக்கும்.