பற்சீராக்க வைத்தியத்திற் சொல்லின் பணி

பல்வரிசையை முத்துக்கும் முல்லையரும்புக்கும் ஒப்பிடுவது தமிழ்ப் புலவரின் நெடுநாள் மரபு. எனினும் பல் அழகுக்கு மட்டும் உரியதன்று. உணவை அரைப்பதும் அதுவே; சொல்லைப் பிறப்பிக்கத் துணைசெய்வதும் அதுவே. எழுத்துக்கள் பிறக்கும் முறையை ஆராயும் தொல்காப்பியப் பிறப்பியல், பல்லையும் அண்ணத்தையும் எழுத்துப் பிறப்புக்குரிய எட்டு உறுப்புக்களுள் வைத்து எண்ணுகின்றது. சொல்லுக்குப் பல் துணையாவதுபோலப் பல்லுக்குச் சொல் துணையாகும் துறையொன்றும் உண்டு. அதுவே பற்சீராக்க வைத்தியம். அத்துறையில் வைத்தியர் நோயாளியோடு பேசும் பேச்சு, சிகிச்சைக்குப் புறம்பான உபசாரமன்று. சிகிச்சையின் ஓர் உறுப்பாகும். இதனை ஒருவாறு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

எத்துப்பல், தெற்றுப்பல், மேற்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்தாத கடி முதலியவற்றை ஒழுங்குபடுத்துவதே பற்சீராக்கம். உலக வழக்கில் இதனைக் ‘கம்பி கட்டுதல்’ என்றும் ‘கிளிப் போடுதல்’ என்றும் கூறுவர். 1728ஆம் ஆண்டிற் பியேர் போஷார் என்னும் பிரெஞ்சுப் பல் வைத்தியர், பல்வரிசையை விரித்து ஒழுங்குசெய்யும் உலோகப் பட்டையொன்றைத் தம் நூலில் விவரித்தார். 1899இல் அமெரிக்கரான எட்வேட் ஆங்கிள், ஆறு வயதளவில் முளைக்கும் முதற் கடைவாய்ப்பற்கள் ஒன்றோடொன்று பொருந்தும் முறையை ஆதாரமாகக் கொண்டு, இவ்வொழுங்கின்மைகளை மூன்று வகுப்புக்களாகப் பிரித்தார். அப்பாகுபாடு இன்றும் வழங்கி வருகின்றது. இலங்கையிற் பல் வைத்தியப் பட்டக்கல்வி 1943இற் கொழும்பிலே தொடங்கி, 1954இற் பேராதனைக்கு மாற்றப்பெற்றது. கொழும்பு மாநகரில் வைத்தியசாலைகள் மலிந்த பகுதிகளுள் ஒன்று பொரளை. சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை அங்கே உள்ளது. தேசிய பல் வைத்தியசாலையும் பொரளையை அடுத்த வார்ட் பிளேசில் அமைந்துள்ளது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் தமிழ்ப் பெற்றோர், தம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நாடிச் செல்லும் இடங்கள் இவை.

பல்லை நகர்த்துதல் எங்ஙனம் இயலும் என்பது முதலில் அறியற்பாலது. பல்லானது எலும்பில் ஆணிபோல் அறையப்பட்டதன்று. பல்வேருக்கும் தாடையெலும்புக்கும் இடையே மெல்லிய நார்ச்சவ்வு ஒன்று உண்டு. கம்பியின் மெல்லிய விசை பல்லை ஒரு பக்கம் தள்ளும்போது, அழுத்தம் விழும் பக்கத்தில் எலும்பு கரைகின்றது. இழுவை உண்டாகும் பக்கத்திற் புதிய எலும்பு படிகின்றது. 1904இல் சுவீடன் நாட்டவரான கார்ல் சான்ட்ஸ்டெட் விலங்குகளிற் செய்த பரிசோதனைகள் இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டின. இவ்வாறு பல் மாதம் ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் அளவே நகரும். விசையை மிகுவித்தால் வேகம் மிகாது. நோவும் தீங்குமே மிகும். ஆதலாற் சிகிச்சை பெரும்பாலும் ஒன்றரை ஆண்டு முதல் இரண்டு ஆண்டு வரை நீளும். சிலர்க்கு அதனினும் நீளும்.

இங்கேதான் பேச்சின் இன்றியமையாமை வெளிப்படுகின்றது. முப்பது நாட்கொண்ட மாதத்தில் 720 மணி நேரம் உண்டு. அதனுள் நோயாளி வைத்தியரின் நாற்காலியில் இருப்பது அரைமணி நேரம் எனக் கொள்வோமாயின், எஞ்சிய 719½ மணி நேரமும் சிகிச்சையை நடத்துபவர் யார்? நோயாளியே. கழற்றி மாட்டும் தட்டை அணிவதும், இறப்பர் வளையத்தை மாற்றுவதும், கம்பியைச் சூழ்ந்த இடங்களைத் துலக்குவதும் அவன் கையில் உள்ளன. அறுவை வைத்தியத்திலே நோயாளி மயங்கிக் கிடக்கக் காரியம் நடைபெறும். பற்சீராக்கத்திலோ பன்னிரண்டு வயதுப் பிள்ளை விழித்திருந்து, விரும்பி, நாடோறும் செய்தாலன்றிக் காரியம் கைகூடாது.

இவ்வுண்மை நம்முன்னோர்க்குப் புதியதன்று. திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரத்து இறுதிக் குறள், நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுபவன் ஆகிய நான்கும் கூடியதே மருத்துவம் எனக் கூறும். அந்நான்கனுள் நோயாளியை முதலில் வைக்கும். சரக சங்கிதையும் இந்நான்கினையே வைத்தியத்தின் நாற்பாதங்களாகக் கொண்டு, ஒவ்வொன்றுக்கும் நந்நான்கு குணங்களை வகுக்கின்றது. நோயாளிக்குரிய நான்கு யாவையெனின், நினைவாற்றல், சொல்லியபடி ஒழுகுதல், அஞ்சாமை, தன் நோயை எடுத்துரைக்குந் திறன் என்பன. இந்நான்கனையும் கூர்ந்து நோக்கின், ஒவ்வொன்றும் வைத்தியருக்கும் நோயாளிக்கும் இடையே நிகழும் சொல்லாட்டத்தையே பற்றி நிற்றல் புலனாகும். இவை பிறவியிலே அமைந்த குணங்கள் எனக்கொண்டு, இல்லாதவனைப் பழித்தல் தகாது. நல்வைத்தியர் தம் சொல்லால் இவற்றை நோயாளியிடம் தோற்றுவிப்பார்.

முதலில் அஞ்சாமையை எடுத்துக்கொள்வோம். வெள்ளுடையும் ஒளிரும் கருவிகளும் சிறுவர்க்கு அச்சந் தருவன. ‘ஒன்றும் நோகாது’ எனப் பொய்யுரைத்து வாயைத் திறக்கச் செய்தல் ஒருமுறையே பயன்படும்; நோவு தோன்றிய கணத்திலே நம்பிக்கை அழிந்துவிடும். 1959இல் அடில்ஸ்டன் என்னும் அமெரிக்கப் பல் வைத்தியர் ‘சொல், காட்டு, செய்’ என்னும் முறையை வகுத்துரைத்தார். செய்யப்போவதைப் பிள்ளைக்கு விளங்கும் சொற்களாற் சொல்லுக. கருவியைக் கையிலும் நகத்திலும் தொட்டுக் காட்டுக. பின்பு சொன்னபடியே செய்க. இம்முறை இன்றும் உலகெங்கும் கற்பிக்கப்படுகின்றது. கம்பி கட்டிய முதல் மூன்று நான்கு நாட்கள் பற்கள் நோகும். பின்பு அது தணியும் என முன்னரே அறிந்த பிள்ளை, அந்நோவைப் பொறுத்துக்கொள்வான். அறியாத பிள்ளையோ தனக்கு ஏதோ கேடு நேர்ந்ததென எண்ணி அஞ்சுவான்.

அடுத்தது நினைவாற்றல். வைத்தியர் கூறியவற்றிற் கணிசமான பகுதியை நோயாளர் வீடு திரும்புமுன்னரே மறந்துவிடுகின்றனர் என்பதை, இங்கிலாந்தின் உளவியலாளர் பிலிப் லே 1960களிலும் 1970களிலும் செய்த ஆராய்ச்சிகள் காட்டின. முதலிற் கூறியவை நன்கு நினைவில் நிற்கும் என்பதும் அவர் கண்ட உண்மை. ஆதலின் இன்றியமையாததை முதலிற் கூறுதல் வேண்டும்; சிறு வாக்கியங்களாகக் கூறுதல் வேண்டும்; பொதுப்பட உரையாது குறித்துரைத்தல் வேண்டும். ‘கடினமான உணவைத் தவிர்க்குக’ என்னும் அறிவுரை ஒரு காதாற் புகுந்து மறுகாதால் வெளியேறும். ‘முறுக்கும் கச்சானும் வேண்டா, மாங்காயைக் கடித்துத் தின்னல் ஆகாது, சீவித் தின்னலாம், நோவு மிக்க நாட்களில் இடியப்பமும் சொதியும் போதும்’ எனின், அது வீட்டு அடுக்களைவரை செல்லும். இறுதியிலே, ‘வீட்டிற்குச் சென்றதும் என்ன செய்வாய், சொல் பார்ப்போம்’ எனப் பிள்ளையையே திருப்பிச் சொல்லச் செய்தல், மறதியையும் தவறான விளக்கத்தையும் அவ்விடத்திலேயே திருத்தும்.

சொல்லியபடி ஒழுகுதல் மூன்றாவது. ‘தட்டைத் தினமும் அணிகின்றாயா?’ என வினவினால், ‘ஆம்’ என்பதே எந்தப் பிள்ளையும் தரும் விடை. இக்காலத்தில் தட்டினுள்ளே பொதியத்தக்க நுண்ணிய வெப்ப உணரிகள் உண்டு. பிள்ளைகள் தட்டை அணியும் நேரம், விதித்த நேரத்தினும் அவர்கள் கூறும் நேரத்தினும் குறைவாயிருத்தல் பொது வழக்கு என்பதை அவை புலப்படுத்தியுள்ளன. இதனை அறிந்த வைத்தியர் வினாவை மாற்றுவார்: ‘அணிவதற்குக் கடினமான வேளை எது?’ என்பார். பாடசாலையிலே தோழர் நகைக்கின்றனர் என்றோ, தேவாரம் பாடும்போது நாக்குத் தடுக்குகின்றது என்றோ உண்மை அப்போது வெளிவரும். காரணம் தெரிந்தாற் பரிகாரம் எளிது. கண்டித்தலால் விளைவது பொய்யே.

நான்காவது, தன் நோயை எடுத்துரைத்தல். 1968இல் பாபரா கோர்ஷ் என்னும் மருத்துவரும் அவர்தம் உடனாய்வாளரும் லொஸ் ஏஞ்சலிஸ் நகரச் சிறுவர் வைத்தியசாலையொன்றில் 800 சந்திப்புக்களை ஆராய்ந்து வெளியிட்டனர். தாய்மார் பலர், தம் மனத்தை மிக வருத்திய கவலையைக் கூறாமலே திரும்பினர் என்பதும், மனநிறைவோடு சென்ற தாய்மாரே வைத்தியரின் அறிவுரையைப் பெரிதும் பின்பற்றினர் என்பதும் அவ்வாய்வின் முடிவுகள். பெண்பிள்ளையை அழைத்துவரும் தாய், எத்துப்பல்லைப் பற்றிப் பேசினாலும், அவள் உள்ளத்தில் இருப்பது பணச்செலவோ, மகளின் திருமணமோ, கிழமை நாளில் தொழிலை விட்டுவரும் இடரோ ஆகலாம். ‘வேறு ஏதும் கேட்க உண்டா, அம்மா?’ என்னும் ஒரு வினாவும், அதன்பின் சிறிது மௌனமும் அக்கவலையை வெளிக்கொணரும்.

நன்மையை மட்டும் கூறித் தீமையை மறைத்தலும் நல்ல பேச்சாகாது. கம்பியைச் சூழ்ந்து அழுக்குப் படியவிட்டாற் பல்லிலே வெண்புள்ளிகள் நிலைத்துவிடும், முரசு வீங்கும். சிலர்க்கு வேர்நுனி சிறிது குறுகும். கம்பியைக் கழற்றிய பின்னர்ப் பற்களை நிலைநிறுத்தும் தட்டை அணியாவிடின், பற்கள் பழைய இடத்தை நாடிச் செல்லும். இவற்றைத் தொடக்கத்திலே கூறினால் அது விளக்கம். நேர்ந்த பின்னர்க் கூறினால் அது சாட்டு. 2015இல் ஐக்கிய இராச்சியத்தின் உச்ச நீதிமன்றம், பிரசவம் பற்றிய மொன்ட்கொமரி வழக்கில், நோயாளியின் நிலையிலுள்ள ஒருவர் முக்கியமெனக் கருதத்தக்க அபாயங்களை வைத்தியர் அறிவித்தல் கடமை எனத் தீர்த்தது.

இனி, எம்மொழியிற் பேசுவது என்னும் வினா எழுகின்றது. மும்மொழி வழங்கும் கொழும்பில் இவ்வினா சிறிதன்று. 1987இல் நிறைவேறிய அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. எனினும் சட்டத்தில் உள்ள மொழி, சிகிச்சை அறைக்குள் தானாக நுழைந்துவிடாது. சிங்களம் பேசும் வைத்தியருக்கும் தமிழ் மட்டும் அறிந்த தாய்க்கும் இடையே, இருமொழியும் அறிந்த பிள்ளையே மொழிபெயர்ப்பாளனாவதும் உண்டு. ‘இனிப்பைக் குறைக்கச் சொல்’ என்னும் கட்டளை, இனிப்பை விரும்பும் பிள்ளையின் வாய்வழி வருமாயின், அது தாயின் செவிக்கு முழுமையாகச் சேரும் என்பது உறுதியன்று. அபாயங்களைக் கூறிச் சம்மதம் பெறும் வேளையில், பிள்ளையை நடுவே நிறுத்துதல் முறையுமன்று. பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரும் தமிழில் அச்சிட்ட அறிவுரைத் தாளும் இக்குறையைப் பெரிதும் நீக்கும்.

தமிழில் மேனாட்டு வைத்தியத்தை விளக்குதல் இயலுமோ என ஐயுறுவார்க்கு, யாழ்ப்பாணத்து வரலாறே விடை பகரும். 1847இல் அமெரிக்க மிசனைச் சேர்ந்தவராய் அங்கு வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் இருந்து பணியாற்றினார். ஆங்கிலத்திற் பயின்ற மாணவர் அரசாங்க உத்தியோகம் தேடி ஊரைவிட்டு அகல்வதைக் கண்டு, 1860களில் வைத்தியக் கல்வியைத் தமிழிலேயே புகட்டத் தொடங்கினார். இரணவைத்தியம், மனுஷ அங்காதிபாதம் முதலிய பெருநூல்களைத் தம் மாணவர் துணையோடு தமிழில் வெளியிட்டார். கலைச்சொல்லை முதலிலே தமிழிலும், அங்குக் கிடையாவிடின் வடமொழியிலும் தேடி, அதன்பின்னரே ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்தில் எழுதினார். 1873இல் அவர் நாடு திரும்பியபோது, தமிழில் மருத்துவங் கற்ற வைத்தியர் பலர் ஈழத்தில் இருந்தனர்.

சொல்லின் பணி மிகத் தெளிவாகத் தோன்றும் இடம், உதட்டுப் பிளவோடும் அண்ணப் பிளவோடும் பிறக்கும் குழந்தையின் சிகிச்சையாகும். உலகிலே ஏறத்தாழ 700 பிறப்புக்களுக்கு ஒன்றாக இக்குறை காணப்படும். லண்டன் கிரேட் ஓமண்ட் ஸ்திரீற் வைத்தியசாலையின் பற்சீராக்க நிபுணர் மைக்கல் மார்ஸ், 1984 முதல் இலங்கையில் காலியை மையமாகக் கொண்டு இத்தகையோரை ஆராய்ந்தார். அறுவை செய்யப்பெறாது வளர்ந்தோரின் மேல்தாடை நன்கு வளரும் ஆற்றல் உடையதென்றும், குழந்தைப் பருவத்து அறுவையின் தழும்பே அவ்வளர்ச்சியைக் கட்டுப்படுத்துகின்றதென்றும் அவ்வாராய்ச்சி காட்டியது. ஆயின், காலந்தாழ்த்தி அண்ணத்தை மூடியோரின் பேச்சு பெரும்பாலும் சீர்ப்படவில்லை. ஆகவே பேச்சைக் காக்க அறுவையை முற்படச் செய்து, அதனாற் குன்றும் தாடை வளர்ச்சியைப் பின்னர்ப் பற்சீராக்கத்தாற் சரிசெய்தலே நெறியாயிற்று.

இதன் பொருளைப் பெற்றோர் அறிதல் வேண்டும். முதல் அறுவையோடு எல்லாம் முடிந்ததென எண்ணி ஊர் திரும்பும் தாய், பிள்ளைக்கு எட்டு ஒன்பது வயதாகும்போது மீண்டும் வரவேண்டும் என்பதை அறியாள். அன்றியும், கிரகண வேளையில் தான் வெளியே சென்றமையாற் பிள்ளைக்கு இக்குறை வந்ததென அவள் தன்னையே பழித்துக்கொண்டிருக்கலாம். ‘இது உங்கள் குற்றமன்று, அம்மா, கருவின் தொடக்க வாரங்களில் முகத்தின் பகுதிகள் ஒன்றுசேராமையால் வருவது. பிள்ளை வளர்ந்து முடியும்வரை நாம் சேர்ந்து பார்ப்போம்’ என அவள் மொழியிலே ஒருவர் கூறுவாராயின், அவள் மனச்சுமை இறங்கும். குறித்த காலங்களிற் பிள்ளையை அழைத்தும் வருவாள். அங்ஙனம் வந்தால் அப்பிள்ளை ஒழுங்கான பல்லும் தெளிந்த பேச்சும் பெற வழியுண்டு. வாராதொழிந்தால் மிகச் சிறந்த அறுவையும் பாதியில் நின்றதாகவே முடியும்.

வைத்தியத் துறையை நாடிச் செல்லும் மாணவர், உடற்கூற்றையும் கருவிகளையும் கற்குமளவு ஊக்கத்தோடு, அஞ்சும் பிள்ளையிடமும் கலங்கும் தாயிடமும் பேசும் முறையையும் கற்பாராக. நாற்பாதமும் நிலைபெற்ற வைத்தியம் அப்போதுதான் உண்டாகும்.